மூட்டு நலம் பேணுவோம்

(நம் பங்கின் பவள விழா ஆண்டில், தாத்தா பாட்டியர் மற்றும் முதியோர் ஞாயிறன்று, காலைத் திருப்பலிக்குப் பின் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



திருத்தந்தை பிரான்சிஸ் 2021-ஆம் ஆண்டு ஏற்படுத்திய முதியோர் ஞாயிறை இன்று கொண்டாடுகிறோம். சூலை மாதத்தின் நான்காம் ஞாயிறை அவர் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், இயேசுவின் தாத்தா பாட்டியாகிய புனிதர் சுவக்கின், அன்னா ஆகியோரின் திருநாள் 26-ஆம் தேதி வருவதுதான். இந்த ஞாயிறன்று எதைப் பற்றிப் பேசலாம் என்று பேரவையில் கேட்டோம். விண்ணக வாழ்வைப் பற்றிப் பேசலாம் என்றார் ஒருவர். மற்றொரு பெரியவர், "சாமி, விண்ணகம் இருக்கட்டும், முதலில் இந்த முழங்காலுக்கு ஒரு வழி சொல்லுங்கள்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் கூட்டம் முடிந்தபோது சிரித்தவர்களில் பலர் மேசையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்கள். ஆகவே இன்று மூட்டுகளைப் பற்றிப் பேசுவோம்.

இது வைத்தியர் பேச வேண்டிய பொருள் அல்லவா என்று சிலர் நினைக்கலாம். மருந்து எழுதித் தருவது வைத்தியர் வேலைதான். அதில் நாம் கை வைக்கப் போவதில்லை. ஆனால் முழங்கால் வலியால் திருப்பலிக்கு வருவதை நிறுத்திக்கொண்டவர்கள் இந்தப் பங்கில் இருக்கிறார்கள். அது வைத்தியர் காதுக்கு எட்டுகிற செய்தி அன்று. நம் காதுக்கு எட்டுகிற செய்தி. ஆதலால் பேசியே தீர வேண்டியிருக்கிறது.

மூட்டு என்பது இரண்டு எலும்புகள் சந்திக்கும் இடம். வளர்ந்த மனிதனுக்கு எலும்புகள் 206. அவை சந்திக்கும் இடங்கள் எல்லாம் அசைவதில்லை. மண்டையோட்டின் எலும்புகள் தையல் போட்டாற்போல் இறுகி நிற்கின்றன. அசையும் மூட்டுகளிலோ பல வகை உண்டு. இடுப்பு மூட்டைப் பார்க்க வேண்டுமானால் வீட்டில் கிடக்கும் பழைய ஆட்டுக்கல்லைப் பாருங்கள். குழிக்குள் குழவி எல்லாப் பக்கமும் சுழல்வதுபோல, இடுப்பெலும்பின் கிண்ணத்துக்குள் தொடை எலும்பின் உருண்டைத் தலை சுழல்கிறது. தோள்மூட்டும் அப்படியே. ஆனால் அதன் கிண்ணம் ஆழமில்லாதது. ஆகையால் கை அதிகம் சுழலும், எளிதில் நழுவவும் செய்யும். முழங்கையும் முழங்காலும் கதவுக் கீல் போன்றவை, மடக்கலாம், நீட்டலாம். கீல்வாதம் என்று நம் முன்னோர் சொன்ன சொல்லிலும் இந்தக் கீல்தான் இருக்கிறது.

நமக்கு இன்று முக்கியம் முழங்கால். உடலின் மூட்டுகளில் மிகப் பெரியது அது. மேலேயிருந்து தொடை எலும்பு, கீழேயிருந்து கணைக்கால் எலும்பு, முன்னால் காவலுக்குச் சில்லு. குருமடத்தில் இலத்தீன் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு சின்ன மகிழ்ச்சி உண்டு. முழங்கால் சில்லுக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் 'பட்டெல்லா' என்ற பெயருக்குச் சின்னத் தட்டு என்று பொருள். திருப்பலியில் அப்பம் வைக்கும் தட்டுக்கு நாம் சொல்லும் 'பட்டேனா' என்பதும் அதே குடும்பத்துச் சொல். பிறக்கும்போது இந்தச் சில்லு எலும்பாக இருப்பதில்லை. வெறும் குருத்தாகவே இருக்கும். மூன்று வயதுக்கு மேல்தான் அது எலும்பாக இறுகத் தொடங்குகிறது. குழந்தை தவழ்ந்து திரியும் காலத்துக்கு ஏற்றதாகவே படைப்பு அமைந்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முழங்காலின் நட்ட நடுவில், வெளியே தெரியாமல், இரண்டு உறுதியான நார்கள் ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து எலும்புகளைக் கட்டிவைத்திருக்கின்றன. கீழெலும்பு முன்னாலோ பின்னாலோ நழுவிப் போகாமல் காப்பவை அவையே. அவற்றின் பெயர் சிலுவை நார்கள். இது பக்தியால் நாம் வைத்த பெயர் அன்று. குறுக்காகக் கிடப்பதால் மருத்துவ நூல்களே வைத்த பெயர். கபடியிலும் பந்தாட்டத்திலும் கால் திருகி விழும் இளைஞர்களுக்கு அறுந்துபோவது பெரும்பாலும் இந்த நார்தான். விழுந்தவுடன் 'படக்' என்ற ஓசை, சில மணி நேரத்தில் வீக்கம், பிறகு நடக்கையில் முட்டி நழுவுவது போன்ற உணர்வு, இவை இருந்தால் எண்ணெய் தேய்த்து இழுத்துவிடச் சொல்லி ஓடாதீர்கள். எலும்பு மூட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனி, இன்று சொல்ல வந்தவற்றில் தலையான செய்திக்கு வருகிறோம். எலும்பும் எலும்பும் சந்திக்கும் முனைகளில் வெண்மையான, வழவழப்பான குருத்தெலும்பு பூசப்பட்டிருக்கிறது. சில மில்லிமீட்டர் கனந்தான். அதில் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர். பனிக்கட்டியின் மேல் பனிக்கட்டி வழுக்குவதைக் காட்டிலும் இது இலகுவாக வழுக்கும். இந்தக் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. நரம்பும் கிடையாது. உடலின் மற்ற உறுப்புகளுக்கெல்லாம் இரத்தம் சோறு கொண்டுபோய்க் கொடுக்கிறது. இதற்கு அப்படிக் கொடுப்பார் இல்லை. அப்படியானால் இது எப்படி உயிர் வாழ்கிறது?

மூட்டைச் சுற்றி ஒரு பை இருக்கிறது. அந்தப் பையின் உட்புறச் சவ்வில் முட்டையின் வெண்கரு போன்ற ஒரு நீர் சுரக்கிறது. ஆரோக்கியமான முழங்காலில் அது ஒரு தேக்கரண்டி அளவுகூட இராது. நாம் காலை ஊன்றும்போது குருத்தெலும்பு அமுங்கி, பஞ்சைப் பிழிந்தாற்போல் தன்னிலுள்ள கழிவு நீரை வெளியே விடுகிறது. காலைத் தூக்கும்போது விரிந்து, சத்துள்ள நீரை உறிஞ்சிக்கொள்கிறது. அமுங்குவதும் விரிவதுந்தான் அதற்குச் சாப்பாடு. நடந்தால் உண்ணும்; அசையாதிருந்தால் பட்டினி கிடக்கும்.

இதை மனத்தில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் நம் ஊரில் இதற்கு நேர்மாறான நம்பிக்கையே வேரூன்றியிருக்கிறது. மூட்டு என்பது மாட்டு வண்டியின் அச்சாணி போல, ஓட ஓடத் தேயும், ஆகவே ஓட்டத்தைக் குறைத்தால் நாள்பட வரும் என்று எண்ணுகிறோம். 'தேய்மானம்' என்ற சொல்லே இந்தத் தப்பெண்ணத்தை வளர்த்துவிட்டது. வண்டி அச்சு உயிரற்றது, மூட்டு உயிருள்ளது. மூட்டு நோயில் குருத்தெலும்பு மட்டும் தேய்வதில்லை. அடியிலுள்ள எலும்பு தடிக்கிறது, ஓரங்களில் முள் போல் வளர்கிறது, பையின் சவ்வு அழற்சி கொள்கிறது, தொடைத் தசை இளைக்கிறது. குருத்தெலும்புக்கு நரம்பில்லை என்றோம். வலி எழுவது இந்த மற்ற இடங்களிலிருந்துதான். ஆகையால்தான் எக்ஸ்-ரே படத்தில் மோசமாகத் தெரியும் கால் சிலருக்கு வலிப்பதில்லை. படத்தில் சுமாராகத் தெரியும் கால் வேறு சிலருக்கு உயிரை வாங்குகிறது. படத்தைப் பார்த்து மனம் உடைந்து போகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

நம் பங்கில் ஒரு பாட்டியம்மா இருக்கிறார். பெயர் சொல்லவில்லை, இங்கேயே உட்கார்ந்திருக்கிறார். இருபது ஆண்டுகளாகக் காலை ஐந்தரை மணிக்குக் கோயில் கதவு திறக்குமுன் வந்து நின்றவர். ஒரு தவக்காலத்தில் வருவதை நிறுத்திவிட்டார். வீட்டுக்குப் போய்க் கேட்டபோது, "முழந்தாளிட முடியாதவளுக்குக் கோயிலில் என்ன வேலை சாமி? எழுந்தேற்றத்தின்போது எல்லாரும் மண்டியிட, நான் மட்டும் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தால் ஆண்டவருக்கு அவமரியாதை இல்லையா?" என்றார். வலியால் அல்ல, வெட்கத்தால் நின்றுவிட்டார். கோயிலுக்கு வருவதற்காக நடந்த நடைதான் அவர் நாள் முழுவதும் நடந்த ஒரே நடை. அது நின்றதும் கட்டிலே கதியாயிற்று. நான்கு மாதத்தில் தொடைத் தசை கரைந்து, சுவரைப் பிடிக்காமல் கொல்லைப்புறம் போக முடியாத நிலை வந்துவிட்டது. மூட்டு வலி அவரை அவ்வளவு கெடுக்கவில்லை, படுக்கை கெடுத்தது.

அவருக்குச் சொன்னதையே உங்கள் எல்லாருக்கும் சொல்கிறோம். உரோமைத் திருப்பலி நூலின் தொடக்கத்தில் உள்ள பொது விதிமுறைகளில் 43-ஆம் எண்ணைப் பாருங்கள். எழுந்தேற்றத்தின்போது மண்டியிட வேண்டும் என்று சொல்லும் அதே இடத்தில், உடல்நலக் குறைவோ இடநெருக்கடியோ வேறு தக்க காரணமோ உள்ளவர்களுக்கு விலக்கும் சொல்லப்பட்டிருக்கிறது. அவர்கள் குரு முழந்தாளிட்டு வணங்கும் நேரத்தில் தாழ்ந்து தலைவணங்கினால் போதும். இது இரக்கப்பட்டுத் தந்த சலுகை அன்று, விதியிலேயே உள்ள பகுதி. இன்னும் பின்னால் போனால், 325-ஆம் ஆண்டு நடந்த நீசேயாப் பொதுச்சங்கம் தன் இருபதாம் விதியில், ஞாயிற்றுக்கிழமைகளிலும் பாஸ்கா காலத்திலும் யாரும் மண்டியிடாமல் நின்றே செபிக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. உயிர்த்தவரின் நாள் அது, ஆகவே நிமிர்ந்து நில்லுங்கள் என்பது அன்றைய திருச்சபையின் மனம். நம் நாட்டுக்கோ 1969-இல் இந்திய ஆயர்கள் கேட்டு உரோமை இசைவளித்த 12 பண்பாட்டு மாற்றங்களில், முழந்தாளிடுவதற்குப் பதிலாகக் கைகூப்பித் தாழ்ந்து வணங்குவதும் ஒன்று. கைகூப்புவதில் மரியாதை இல்லை என்று எந்தத் தமிழர் சொல்வார்?

திருத்தந்தை பிரான்சிஸையே எண்ணிப் பாருங்கள். 2019 ஏப்ரலில் தென் சூடான் நாட்டுத் தலைவர்கள் வத்திக்கானுக்கு வந்தபோது, சமாதானம் காக்கும்படி மன்றாடி, அவர் தரையில் முழந்தாளிட்டு அவர்கள் காலணிகளை முத்தமிட்டார். உலகமே அதைப் பார்த்தது. 2022 மே மாதத்தில் அதே திருத்தந்தை வலது முழங்கால் நோயால் சக்கர நாற்காலியில் மக்கள் முன் வந்தார். 2023 பிப்ரவரியில் அந்தத் தென் சூடானுக்கே சக்கர நாற்காலியில் போய்ச் சேர்ந்தார். 2025 ஏப்ரலில் இறக்கும்வரை பணியை அவர் விடவில்லை. தொடக்கநூல் 32-ஆம் அதிகாரத்தில் யாக்கோபு இரவெல்லாம் போராடி ஆசி பெற்றபோது, தொடைச்சந்து பிசகி நொண்டிக்கொண்டேதான் விடியலில் நடந்து போனார். ஆசியும் நொண்டலும் ஒரே இரவில் வந்தன. ஊன்றுகோலோடு கோயிலுக்கு வர வெட்கப்படுகிறவர்கள் அந்த அதிகாரத்தை வீட்டில் வாசியுங்கள்.

மண்டியிடுதல் முழங்காலைக் கெடுக்குமா என்ற கேள்வி வரும். நல்ல முழங்கால் உள்ளவர் செபத்துக்காக மண்டியிட்டு எழுவதால் ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் நெடுநேரம் கடினத் தரையில் அழுத்தினால், சில்லுக்கு முன்னும் கீழும் உள்ள சிறு நீர்ப்பைகள் வீங்கும். ஆங்கில வைத்தியர்கள் இதற்கு வேடிக்கையான பெயர்கள் வைத்தார்கள். தரை துடைக்கும் பெண்களுக்குச் சில்லுக்கு நேர் முன்னே வரும் வீக்கம் 'வேலைக்காரி முழங்கால்'. நிமிர்ந்து மண்டியிடுவோருக்குச் சில்லுக்குக் கீழே வருவது 'குருவானவர் முழங்கால்'. நம் இனத்துக்கும் மருத்துவ நூலில் ஓர் இடம் கிடைத்திருக்கிறது! ஆண்டவரின் சகோதரர் எனப்பட்ட யாக்கோபு, இவர் வேறு யாக்கோபு, எருசலேம் சபையை நடத்தியவர், ஓயாமல் மண்டியிட்டு வேண்டியதால் அவர் முழங்கால்கள் ஒட்டகத்தின் முழங்கால்போல் காய்த்துப் போயிருந்தன என்று திருச்சபை வரலாறு எழுதிய எவுசேபியு குறித்து வைத்திருக்கிறார். அவர் புனிதர், தாங்கினார். உங்களுக்கு மெத்தை வைத்த மண்டியிடு பலகை போடச் சொல்லியிருக்கிறோம்.

இத்தோடு சேர்த்து ஒரு முக்கியமான காரியம். வேளாங்கண்ணியில் மாதாகுளம் வரைக்கும் மணலில் முழந்தாளில் நடப்பதாக நேர்ந்துகொண்டு, இப்போது கால் ஒத்துழைக்காததால் நேர்ச்சை கழிக்கவில்லையே, மாதா கோபிப்பாளோ என்று உள்ளுக்குள் புழுங்குகிறவர்கள் உண்டு. சிலர் வீங்கிய முட்டியோடு போய் முழந்தாளில் நடந்து, திரும்பி வருகையில் இருவர் தூக்கிவர வந்திருக்கிறார்கள். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1196, 1197 எண்கள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. தனியாக நேர்ந்துகொண்டவர் அதை அதற்குச் சமமான, அல்லது அதைவிட மேலான நற்செயலாகத் தாமே மாற்றிக்கொள்ளலாம். தகுந்த காரணம் இருந்தால், பிறர் உரிமைக்குக் கேடு வராதபடி, பங்குத்தந்தையே அதிலிருந்து விலக்கு அளிக்கலாம். ஆகவே ஒளிக்காமல் வந்து சொல்லுங்கள். முழந்தாள் நடைக்குப் பதிலாக, ஓர் ஏழை நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் வருவது மாதாவுக்குக் குறைவானதாகத் தோன்றாது. மேலும் ஆகஸ்டு மாதப் பாதயாத்திரைக்குப் போகும் இளைஞர்களுக்கும் ஒரு சொல். ஆண்டு முழுவதும் மோட்டார் சைக்கிளில் திரிந்துவிட்டு, திடீரென்று ஒரு நாளைக்கு முப்பது நாற்பது கிலோமீட்டர் நடந்தால் மூட்டு முறையிடும். ஒரு மாதம் முன்பே நடந்து பழகுங்கள்.

பளுவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சமதரையில் நடக்கையிலேயே நம் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு சுமை முழங்காலில் விழுகிறது. படியேறினால் இன்னும் கூடும். பருமனான, முழங்கால் நோயுள்ள முதியவர்களை வைத்து அமெரிக்காவில் வட கரோலினாவிலுள்ள வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தார் செய்த ஆய்வு 2005-இல் வெளியாயிற்று. உடல் எடையில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது என்று கண்டார்கள். வலக்காலை ஆயிரம் தடவை ஊன்றினால் நாலாயிரம் கிலோ. கிழங்கும் சோறும் பலகாரமும் யாரை எங்கே கொண்டுபோய் விடுகின்றன என்று அவரவரே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். விழா விருந்து அடுத்த மாதம் வருகிறது என்பதால் இதற்குமேல் சொல்லாமல் விடுகிறோம்.

இனி மருந்துகள். சந்தைகளிலும் பேருந்து நிலையத்திலும் "ஒரே வாரத்தில் மூட்டுவலி பறந்து போகும்" என்று விற்கும் பெயரில்லாப் பொடியையும் உருண்டையையும் வாங்கித் தின்ன வேண்டாம். உண்மையிலேயே வலி பறக்கும், அதுதான் ஆபத்து. அத்தகைய பொடிகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது திரும்பத் திரும்பக் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. 1948-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹெஞ்ச் என்ற மருத்துவர், முடக்குவாதத்தால் நடமாட முடியாதிருந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோனை முதன்முதலில் கொடுத்தபோது, சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950-இல் நோபல் பரிசும் கிடைத்தது. அது அற்புதமான மருந்துதான், வைத்தியர் அளந்து கொடுத்தால். அளவு தெரியாமல் மாதக்கணக்கில் தின்றால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு பொடியும். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். ஏற்கனவே தின்றுகொண்டிருப்பவர்கள் தாமாக நிறுத்தாமல், பொட்டலத்தையே எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள்.

கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைக்கும் இதே எச்சரிக்கை. டைக்குளோஃபெனாக் என்ற மாத்திரையைப் பெப்பர்மிண்டு போலச் சப்புகிறவர்களை நமக்குத் தெரியும். நம் சிறு வயதில் வானத்தில் வட்டமிட்ட பிணந்தின்னிக் கழுகுகள் எங்கே போயின என்று கேட்டிருக்கிறீர்களா? அந்த மருந்து போட்ட மாடுகள் செத்தபின் அவற்றைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டு இலட்சக்கணக்கில் மடிந்தன. அதைக் கண்டுபிடித்தபின் 2006-இல் இந்திய அரசு மாட்டு வைத்தியத்தில் அதைத் தடை செய்தது. கழுகுக்கு ஆகும் அளவும் மனிதனுக்கு ஆகும் அளவும் ஒன்றல்ல என்பது உண்மையே. ஆயினும் வயதானவர், சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் உள்ளவர், வைத்தியரைக் கேட்காமல் மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் வருவது நாம் கேள்விப்படாத செய்தி அன்று.

மூட்டு வலி எல்லாம் ஒரே நோய் அன்று. காலையில் எழுந்ததும் இரு கைகளின் சிறு மூட்டுகளும் ஒருமணி நேரத்துக்குமேல் விறைத்துக் கிடந்தால், அது முடக்குவாதமாக இருக்கலாம். இளம் தாய்மாரையும் அது விடுவதில்லை. விரல்கள் கோணிய பிறகு போனால் திரும்பக் கிடைக்காது. சீக்கிரம் போனால் இன்று நல்ல மருந்துகள் இருக்கின்றன. அவற்றில் மெத்தோட்ரெக்சேட் என்பதை வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே விழுங்க வேண்டும். தினமும் விழுங்கி உயிரிழந்தவர்கள் உண்டு. எழுத்துத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் கிழமையைச் சொல்லி எடுத்துக் கொடுங்கள். பெருவிரல் மூட்டு இரவோடிரவாகச் சிவந்து, போர்வை பட்டாலும் துடிக்க வைப்பது யூரிக் அமிலத்தால் வரும் வாதம். 2006-இல் நம் தமிழ்நாட்டையே குனிய வைத்த சிக்குன்குனியா நினைவிருக்கும். அந்தப் பெயரே ஆப்பிரிக்காவின் மக்கொண்டே மொழியில் வளைந்து போதலைக் குறிக்கிறது. கொசு தண்ணீர்த் தொட்டியில்தான் பிறக்கிறது. ஒரு மூட்டு மட்டும் சுட்டு வீங்கிக் காய்ச்சலும் அடித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்; சீழ் பிடித்திருந்தால் சில நாட்களில் மூட்டே அழிந்துவிடும்.

பிள்ளைகளைப் பற்றிச் சற்று நிறுத்திச் சொல்கிறோம். ஐந்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தொண்டைப் புண் வந்து ஆறி, இரண்டு மூன்று வாரம் கழித்து முழங்கால் வீங்கி, அது வடிந்து கணுக்காலுக்குப் போய், பிறகு முழங்கைக்குத் தாவினால், 'வளருகிற பிள்ளைக்கு வரும் வலி' என்று விட்டுவிடாதீர்கள். அது வாதக் காய்ச்சலாக இருக்கலாம். அது மூட்டைத் தொட்டுவிட்டுப் போய்விடும். ஆனால் இதயத்தின் வால்வுகளைக் கடித்துவிடும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி, பல ஆண்டுகள் போட வேண்டியிருக்கும். வலி நின்றுவிட்டதே, ஊசி எதற்கு என்று நிறுத்திவிடும் பெற்றோர் உண்டு. பிள்ளைக்குத் திருமண வயதில், முதல் பிரசவத்தில், மூச்சு வாங்கும்போதுதான் அதன் விலை தெரிகிறது.

விரலில் சொடக்கு எடுத்தால் மூட்டு கெடும் என்று பேரப்பிள்ளைகளை அதட்டுகிறவர்களுக்கு ஒரு செய்தி. கலிபோர்னியாவில் டொனால்ட் அங்கர் என்ற மருத்துவர், அம்மாவின் அதட்டலைச் சோதிப்பதற்காக அறுபது ஆண்டுகள் இடக்கையில் மட்டும் நெட்டி முறித்துக்கொண்டே இருந்தார். இரு கைக்கும் வித்தியாசம் ஒன்றுமில்லை. அதற்கு 2009-இல் ஒரு வேடிக்கைப் பரிசும் கொடுத்தார்கள். ஓசை வருவது மூட்டு நீரில் வாயுக் குமிழி உண்டாவதால். ஆகவே பாட்டிமார் திருஷ்டி கழித்து நெட்டி முறிப்பதால் மூட்டுக்குக் கேடில்லை. திருஷ்டியைப் பற்றி வேறொரு ஞாயிறு பேசுவோம்.

எல்லாம் செய்தும் நடக்கவே முடியாதவர்களுக்கு அறுவைச் சிகிச்சை இருக்கிறது. இங்கிலாந்தில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி 1962-இல் இடுப்பு மூட்டை மாற்றி வழி காட்டினார். முழங்கால் மாற்று பின்னர் வந்தது. 2019-இல் வெளியான ஒரு பெரிய கணக்கெடுப்பின்படி, மாற்றிய முழங்கால்களில் நூற்றுக்கு 82 இருபத்தைந்து ஆண்டு நீடிக்கின்றன. பயப்படவும் வேண்டாம், அவசரப்படவும் வேண்டாம். கடன் வாங்கித் தனியார் மருத்துவமனைக்கு ஓடுமுன், அரசு மருத்துவமனையில் காப்பீட்டு அட்டையைக் காட்டி விசாரியுங்கள். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி தரும் ஏற்பாடும் வைத்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

சில சின்னக் காரியங்கள். ஊன்றுகோலை நோயுள்ள காலுக்கு எதிர்ப்பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். பெரும்பாலோர் மாற்றிப் பிடிக்கிறீர்கள், பீடத்திலிருந்து பார்க்கிறோம். கோயில் படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோயுள்ள கால் முதலில். தரையில் சம்மணமிட்டு எழ முடிகிறவர்கள் அந்தப் பழக்கத்தை விடாதீர்கள். முடியாதவர்கள் வம்புக்கு உட்காராதீர்கள். தினமும் அரைமணி நேரம் நடவுங்கள். ஒரே மூச்சில் முடியாவிட்டால் பத்துப் பத்து நிமிடமாக. நடந்தபின் லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாளும் அந்த வலி கூடியே இருந்தால் அளவைக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள். முதல் இரண்டு வரிசைகளில் கைப்பிடியுள்ள நாற்காலிகள் போடச் சொல்லிக் கோயில்பிள்ளையிடம் கூறியிருக்கிறோம். அவை யாருக்கும் அவமானத்தின் அடையாளம் அல்ல. உடல் நலமுள்ள இளைஞர் யாரும் அதில் அமர வேண்டாம்.

கடைசியாகத் தொடைப் பயிற்சி. முழங்காலைத் தாங்குவது தொடையின் முன்புறத் தசை. அது வலுத்தால் மூட்டின் சுமை குறையும். அந்தப் பாட்டியம்மா இந்தப் பயிற்சியைத்தான் ஆறு மாதமாகச் செய்கிறார். இப்போது பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ஞாயிறுதோறும் நடந்து வருகிறார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு காலை நேராக நீட்டி, பாத விரல்களைத் தம் பக்கம் இழுத்து, தொடையை இறுக்கிப் பிடிக்க வேண்டும். எத்தனை நேரம்? கடிகாரம் வேண்டாம். ஓர் 'அருள் நிறைந்த மரியே' சொல்லி முடிக்கும் நேரம். வாய்விட்டுச் சொல்லுங்கள், அப்போதுதான் மூச்சை அடக்கமாட்டீர்கள், இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு அது முக்கியம். இவ்வாறு பத்து முறை செய்தால் ஒரு காலுக்குச் செபமாலையின் ஒரு பத்து முடிந்தது. செபமாலையைத் தேகப்பயிற்சி ஆக்கிவிட்டார் சாமியார் என்று ஆயரிடம் எழுதிவிடாதீர்கள். இரவுச் செபமாலையை வழக்கம்போல் குடும்பமாகச் சொல்லுங்கள், இது தனி.

பெஞ்சில் இருந்தபடியே எல்லாரும் வலக்காலை நீட்டுங்கள். முன்னால் இருப்பவர்மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைகளும் செய்யலாம். விரல்களை உள்ளே இழுங்கள், தொடையை இறுக்குங்கள். சேர்ந்து தொடங்குவோம்: அருள் நிறைந்த மரியே...